ஒரு பல் தள்ளி

ஸ்டீயரிங்கை நேராக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை மேடம். சமமான தரை, நூல், டேப், இரண்டு ஸ்பானர் போதும். பின்சக்கரத்துக்கு இணையாக நூலை இழுத்துக் கட்டி, முன்சக்கரம் அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று அளக்க வேண்டும். ஸ்டீயரிங்கை நேராக நிறுத்திவிட்டு, சக்கரத்தைத் திருப்புகிற டை ராடைக் கீழே படுத்துத் திருகினால் எல்லாம் ஒத்துவரும். கடைசியாக லாக் நட்டை இறுக்க வேண்டும். விட்டுவிட்டால் ஓடுகிற அதிர்வில் ராடு தானாகவே சுழல ஆரம்பிக்கும்.

இந்த மேசை ஆடுகிறது. காலுக்கு அடியில் ஓர் அட்டையை மடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லையா? சரி, விடுங்கள். எனக்குத்தான் கை சும்மா இருக்காது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மெக்கானிக்கல். அண்ணன் பத்தாவதோடு நின்றவன்; கார் ரிப்பேர் ஷெட் அவனுடையது. அளப்பதும் திருகுவதும் நான். கடைசி இறுக்கு மட்டும் எப்போதும் அவன். "பொம்பளை கை இறுக்குனா நட்டு நிக்காது" என்பான்.

அன்று அவனுடைய சொந்தக் காருக்கு நூல் கட்டி முடித்திருந்தேன். அவன் ஸ்பானரை எடுக்கும்போது ஒரு வாடகைக் கார் கம்பெனி மேலாளர் வந்தார். மலையடிவாரத்தில் இருக்கும் அவர்கள் பணிமனைக்குத் தலைமை மெக்கானிக் தேவை. நானும் விண்ணப்பித்திருந்தேன், பதிலே இல்லை. அந்தக் காரைத் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கையை விட்டாலும் கோடு போட்ட மாதிரி போகுதேப்பா. யாரு பண்ணது?"

"நான்தான் சார்."

"இவங்க?"

"தங்கச்சி. இன்ஜினியர் சார், நூல் பிடிக்கிற இன்ஜினியர்."

இருவரும் சிரித்தார்கள். வேலை அவனுக்கு. அந்தச் சந்தோஷத்தில் லாக் நட்டை மறந்தான். நான் மறக்கவில்லை. ஆனால் நான் எதையும் தளர்த்தவில்லை, அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் ஸ்டீயரிங் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. வண்டி கொடுக்கிற எச்சரிக்கை அதுதான். பார்த்திருந்தால் அடியில் படுத்து நட்டைக் கண்டுபிடித்திருப்பான். அதனால் அவன் குளிக்கப் போன நேரத்தில் ஸ்டீயரிங்கைக் கழற்றி, அது உட்காரும் தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டினேன். பழைய வண்டி, பத்து நிமிட வேலை. மேலே நேராகிவிட்டது. கீழே ராடு சுழன்றுகொண்டே இருந்தது. ஐந்து நாள் கழித்து இன்னொரு பல். அப்புறம் இன்னொன்று.

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் ராடு கழன்று, ஒரு சக்கரம் மட்டும் தன்போக்கில் திரும்பிக்கொண்டது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவனை மேலே தூக்கி வர அரை நாள் ஆனதாகவும் சொன்னீர்கள். எனக்கு அது புதுச் செய்தி இல்லை.

முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். அவன் கேட்கவில்லை. நான் படித்து முடித்து நாலு வருஷம். "உனக்கு என்ன தோணுது" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். நான் அவ்வளவு கெட்டவள் இல்லை.

பேனாவை வைத்துவிட்டீர்களே, ஏன்? இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

வேலையில் சேரும் நாள் காலையில், இஸ்திரி போட்ட சட்டையோடு முன்டயரைத் தடவிப் பார்த்தபடி நின்றான். கை கறுப்பாகிவிட்டது. என்னிடம் வந்தான்.

"டயரு ஒரு ஓரமாவே தேயுது. ஆனா ஸ்டீயரிங் நேராத்தான் நிக்குது. எனக்குப் பிடிபடல."

கை துடைக்க ஒரு துணியை எடுத்துக் கொடுத்தேன்.

"நீ பண்ணத நான் பண்ணதா சொல்லித்தான் இந்த வேலைய வாங்கினேன். தப்புதான். உனக்குத் தெரிஞ்சதுல பாதிகூட எனக்குத் தெரியாது. நீயே சொல்லும்மா, இத எடுத்துட்டு மலை இறங்கலாமா?"

"தாராளமா போண்ணா" என்றேன்.