எங்க வீட்டம்மா எழுதின புஸ்தகம்

கையெழுத்து போடமாட்டேன்னு நான் எங்க தம்பி சொன்னேன்? ஒக்காருங்கன்னுதானே சொல்றேன். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல ஒக்காருங்க. கமிட்டி கூடறது சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம்தானே? நெறைய நேரம் கெடக்கு. நீங்க நூலகச் செயலாளர், உங்களுக்கு அவசரம், புரியுது. ஆனா ஒரு புஸ்தகத்த அலமாரியிலேர்ந்து எடுக்கறதுன்னா சும்மாவா? அதுவும் நபிகள் நாயகத்தோட வரலாறு. அதுவும் எங்க வீட்டம்மா எழுதினது.

அவ இல்ல. பள்ளிக்கூட ஆபீஸ்ல டைப்பிங் வேல, தெரியுமே உங்களுக்கு. ஓ, அவ இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தீங்களா? சரி சரி, தப்பில்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பேன்.

அந்த மொட்டைக் கடுதாசி கையில இருக்கா? வேணாம், எனக்குக் காட்ட வேணாம். நீங்களே சொல்லிட்டீங்களே. புஸ்தகத்துல ஆதாரமில்லாத கதை இருக்கு, படிக்கற பொம்பளைங்கள்லாம் அத நம்பிடுவாங்க, நூலகத்துல இருக்கற அத்தன பிரதியையும் எடுத்துடணும். அதானே? விஷயம் தெரிஞ்ச ஆள் ஒரு அபிப்பிராயம் எழுதிக் குடுக்கட்டும்னு கமிட்டி என்னைத் தேடி அனுப்பியிருக்கு. சந்தோஷம். இத்தன வருஷத்துல கமிட்டி என்கிட்ட கேட்ட மொத அபிப்பிராயம் இதுதான்.

என் புஸ்தகத்தப் பாத்திருக்கீங்கல்ல? உங்க நூலகத்துல மேல் தட்டுல இருக்கு, ஏணி போட்டு எடுக்கணும். ரெண்டு பாகம், ஆயிரத்தி நானூறு பக்கம். அரபிப் பாடம் நடத்தற அசரத்து நான், பாடம் முடிச்சுட்டு வந்து சாயங்காலம் சாயங்காலமா பதினொரு வருஷம் எழுதினேன். எந்தப் போர் எந்த மாசம், எந்த ஒப்பந்தத்துக்கு யார் யார் சாட்சி, ஒரே சம்பவத்த ஆறு பேர் ஆறு விதமாச் சொன்னா அதுல எது பலமானது, எல்லாம் இருக்கு. வாங்கினவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? நல்ல துணியில சுத்தி பீரோ மேல வெச்சுட்டாங்க. கேட்டா மரியாதையாம். கல்யாணத்துக்குப் பரிசாக் குடுக்கறாங்க, வாங்கினவன் அடுத்த கல்யாணத்துக்குக் குடுக்கறான். உங்க நூலகத்துல இரவல் சீட்ட ஒரு நாள் எடுத்துப் பாத்தேன். ரெண்டு பேர் எடுத்துட்டுப் போயிருக்காங்க. அதுல ஒருத்தன் நான். சிரிக்காதீங்க. யாராவது எங்கயாவது கோடு போட்டிருக்காங்களான்னு பாக்க எடுத்துட்டு வந்தேன்.

எங்க வீட்டம்மா எழுதினது நூத்தி இருவது பக்கம். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமான்னு கசாப்புக் கடைக்காரர் என்கிட்டயே சொல்றார். கறிய நிறுத்துட்டே சொல்றார். அவர் படிச்சு அழுதாராம். அவர் சம்சாரம் படிச்சுச்சாம், வெளியூர்ல இருக்கற மகளுக்கு ஃபோன்ல படிச்சுக் காட்டுச்சாம். என் புஸ்தகத்த அவருக்கு நான் கையெழுத்து போட்டு சும்மாவே குடுத்தேன். அதப் பத்திக் கேட்டா, அது பெரிய விஷயம் அசரத்து, நமக்கெல்லாம் எட்டுமான்னுட்டார்.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. பல் டாக்டர்கிட்ட போய் ஒக்காந்திருக்கேன். பக்கத்துல ஒரு அம்மா, வீங்கின கன்னத்தோட, இந்தப் புஸ்தகத்த வெச்சுட்டுக் கண்ணத் தொடைச்சுக்கறாங்க. பல்லு வலியா அம்மான்னேன். இல்லங்க, நபிகள் நாயகம் தொழுகை நடத்தும்போது கொழந்த அழற சத்தம் கேட்டா, தாய் தவிச்சுப் போயிடுவாளேன்னு தொழுகையச் சுருக்கிடுவாங்களாமே, இத எனக்கு யாருமே சொன்னதில்லையேன்னாங்க. சொல்லிட்டு, நான் உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் நீங்க படிச்சுப் பாருங்க பெரியவரே, நபிகள் நாயகத்தப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்னு என் மடியில வெச்சுட்டுப் போறாங்க. தம்பி, என் மடியில! ஆயிரத்தி நானூறு பக்கம் எழுதினவன் மடியில!

பொறாமைன்னு வாய்விட்டுச் சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். வயிறு எரிஞ்சுது. அடுத்தவன் எழுதியிருந்தா ரெண்டு நாள்ல ஆறியிருக்கும். இது ஒரே வீட்டுல, ஒரே மேசையில. தபால்காரர் மணி அடிச்சா ரெண்டு பேரும்தான் எழுந்திரிக்கறோம். கடுதாசி பூரா அவளுக்கு.

அந்தக் கொழந்த அழுத விஷயம் என் புஸ்தகத்துலயும் இருக்கு, தெரியுமா? அடிக்குறிப்புல இருக்கு. பக்கத்துக்குக் கீழ, பொடி எழுத்துல. நபிகள் நாயகம் வீட்டுல என்ன செய்வாங்கன்னு அவங்க மனைவிகிட்ட கேட்டதுக்கு, வீட்டாருக்கு ஒத்தாசையா இருப்பாங்க, தன் செருப்பத் தானே தைச்சுக்குவாங்கன்னு சொன்னாங்களே, அதுவும் அடிக்குறிப்புதான். ரெண்டாம் பாகம், நானூத்திப் பன்னெண்டு. குருவி செத்துப்போச்சுன்னு அழுத சின்னப் பையன்கிட்ட ஒக்காந்து விசாரிச்சது, பேரன் முதுகுல ஏறிட்டான்னு தலைய நிமிர்த்தாம, நெத்தி தரையில வெச்ச ஸஜ்தாவுலயே இருந்தது, எல்லாம் கீழதான். முழுப் புஸ்தகத்தையும் டைப் அடிச்சுக் குடுத்தவ அவதானே? எனக்கு இன்னிக்கும் அந்த மெஷின்ல ஒரு விரல் வைக்கத் தெரியாது. அடிச்சுட்டே கேப்பா, ஏங்க, இத ஏன் கீழ போடறீங்க, இது மேல வரணும்லன்னு. மேல வரவேண்டியது போர், ஒப்பந்தம், வம்சம், உனக்கு இதெல்லாம் புரியாது, நீ அடின்னேன். அடிச்சா. நான் கீழ தள்ளினத எல்லாம் பொறுக்கி ஒரு நோட்டுல எழுதி வெச்சுட்டே வந்திருக்கா. அதுதான் இந்தப் புஸ்தகம்.

திருட்டா? சேச்சே, அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிடும். மொத பக்கத்துலயே எழுதியிருக்கா: இதுல உள்ளதெல்லாம் என் கணவர் தேடி எடுத்தது, தப்பு இருந்தா அது மட்டும் என்னுதுன்னு. அதப் படிச்சதும் எனக்கு இன்னும் எரிஞ்சுது. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆமா, படிச்சேன். மூணு தடவ. அவகிட்ட சொல்லல. ஒரு வருஷமா, படிச்சீங்களா படிச்சீங்களான்னு கேட்டுட்டே இருந்தா. வேல இருக்கு, பாக்கணும், கண்ணாடி மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கற கதைதான். இப்பல்லாம் கேக்கறதில்ல.

சரி, விஷயத்துக்கு வரேன். தெனம் நபிகள் நாயகம் மேல குப்பையக் கொட்டின கெழவி, ஒரு நாள் கொட்டலன்னதும் ஒடம்பு சரியில்லையோன்னு அவங்களே போய் விசாரிச்ச கதை. கடுதாசிக்காரன் அதத்தானே புடிச்சுட்டுத் தொங்கறான்? எழுவத்தி மூணாம் பக்கம். அவன் சொல்றது நெசம்தான், அதுக்கு ஆதாரம் எந்தக் கிதாபுலயும் இல்ல. ஆனா பக்கத்தத் திருப்பிப் பாருங்க. எழுவத்தி நாலுல மொத வரி என்ன? இது சனங்க சொல்ற கதை, ஆதாரம் தேடினேன், கெடைக்கல, ஆதாரமில்லாதத அவங்க பேர்ல சொல்லக்கூடாதுங்கறதுக்காகத்தான் இத இங்க எழுதறேன். அவளே எழுதியிருக்கா. கதைய நம்பாதீங்கன்னு சொல்லத்தான் கதையச் சொல்லியிருக்கா. கடுதாசிக்காரன் எழுவத்தி மூணோட நிறுத்திக்கிட்டான்.

கவனிக்காம இல்ல தம்பி. தெரிஞ்சேதான் நிறுத்தினான்.

எப்படித் தெரியும்னா? நான்தானே எழுதினேன்.

அட, எழுந்திரிக்காதீங்க. அந்தத் தாளக் குடுங்க இப்பிடி. பேனா? இருக்கு, என்கிட்டயே இருக்கு. புஸ்தகம் அலமாரியிலயே இருக்கணும். கடுதாசியில சொன்னது பாதி உண்மை, பாதி உண்மைய எழுதினவன் முழுசாத் தெரிஞ்சவன். இத அப்படியே எழுதி என் பேரப் போட்டுத் தரேன். கமிட்டியில சத்தமா வாசிங்க. பேரையும் சேத்து வாசிங்க. அவமானம்தான். இருந்துட்டுப் போகட்டும்.

அவளுக்கா? தெரியும்.

நான் சொல்லல. சொல்ல எங்க வாய் வரும்? என் கையெழுத்துல அனுப்பினா ஊருக்கே தெரிஞ்சிடும், டைப் அடிக்க எனக்கு வராது, கடையில குடுத்தா கடைக்காரன் படிப்பான். அதனால அவகிட்டயே குடுத்தேன். ஒரு கூட்டாளி சொன்னது, அவருக்குக் கை நடுங்குது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிட்டு வந்தேன், அடிச்சுக் குடுன்னேன். பதினொரு வருஷமா நான் எழுதினத அடிச்சவகிட்ட போய்! பொறாமை புடிச்சவனுக்குப் புத்தி அவ்வளவுதான் வேல செய்யும். வாங்கினா. மொத வரியப் படிச்சா. என்னை ஒரு தடவ பாத்தா. போய் ஒக்காந்து அடிச்சு, மடிச்சு, உறையில போட்டுக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

முந்தாநேத்து அவ அடிச்சதோட கார்பன் நகலையும் என் கையெழுத்துத் தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒத்துப் பாத்தேன். பழக்க தோஷம், எதையும் ஒத்துப் பாக்காம எனக்குத் தூக்கம் வராது. ஏதாவது மாத்தியிருப்பா, எங்கயாவது காரத்தக் கொறச்சிருப்பான்னு நெனச்சேன். ஒரு வார்த்தை மாத்தல. அரைகுறைப் படிப்புப் படிச்ச பொம்பளைன்னு அவளத்தான் எழுதியிருக்கேன், அதையும் அப்படியே அடிச்சிருக்கா. ஒண்ணே ஒண்ணுதான் சேத்திருக்கா. நபிகள் நாயகத்தோட பேர எழுதினா பக்கத்துல ஸலவாத்து, அவங்க மேல சாந்தி உண்டாகட்டும்ங்கற வாழ்த்து, போடணும், சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஆயிரத்தி நானூறு பக்கத்துல ஒரு எடத்துல நான் விட்டதில்ல. அந்த ரெண்டு பக்கக் கடுதாசியில ஒம்பது எடத்துல வெறும் பேர எழுதிட்டுப் போயிருக்கேன் தம்பி. அவ ஒம்பது எடத்துலயும் போட்டுக் குடுத்திருக்கா.