என் முன்னிலையில் கையெழுத்திட்டார்

அந்த நாற்காலி வேணாம் சார், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கையெழுத்துப் போட வர்றவங்க உக்கார்ற நாற்காலிதான், பரவாயில்ல. இன்னைக்கு வேற யாரும் வரப்போறதில்ல. என் மேல புகார் போனதுலேருந்து கம்பெனிக்காரங்க ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. நீங்க அனுப்பின விசாரணை நோட்டீஸ் இதோ, மேலயே வெச்சிருக்கேன். உங்க கையெழுத்து அழகா இருக்கு சார். அடியில ரெண்டு சுழி போட்டு இழுத்திருக்கீங்க. நோட்டரி வேலை பாக்கறவளுக்குக் கண்ணு மொதல்ல அங்கதானே போகும்.

ஆமா, சொல்றேன். புகார்ல இருக்கறது அத்தனையும் உண்மைதான். கம்பெனி வக்கீலை ரூமை விட்டு வெளிய போகச் சொன்னேன். என்னது, தள்ளினேன்னு எழுதியிருக்காரா? தள்ளல சார். கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னேன், அவரா கோவிச்சுக்கிட்டுப் போனாரு. ஆறடி ஆள் அவரு. நான் எங்கேருந்து தள்றது?

அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு வந்தாங்க, வக்கீலும் கூட ஒருத்தரும். வெளிநாட்டுல புதுசா ஒரு கம்பெனி ஆரம்பிக்கறாங்களாம். அதுக்கு டைரக்டரா இருக்க அந்தக் கூட வந்தவரு சம்மதிக்கறதா ஒரு பத்திரம், அங்க இருக்கற ஏஜென்ட்டுக்கு இவரு குடுக்கற பவர் பத்திரம் ஒண்ணு. நாலு மணிக்கு கூரியர் வந்துடும், சீக்கிரம் சீல் வெச்சுக் குடுங்கன்னு வக்கீல் பறக்கறாரு. எனக்கு இது புதுசில்ல. பதினோரு வருஷமா இதே வேலைதான். துணிக் கம்பெனி, மருந்துக் கம்பெனி, கப்பல் கம்பெனி, எல்லாம் வரும். இந்த மேஜையத் தாண்டித்தான் கடலைத் தாண்டும்.

டைரக்டரைப் பாத்தேன். புதுச் சட்டை, மடிப்புக்கூட கலையல. காலருக்குக் கீழ கடையில குத்தின குண்டூசி அப்படியே இருக்கு. கழுத்தைத் திருப்பறப்பெல்லாம் குத்துது போல, மனுஷன் முகத்தைச் சுளிக்கறாரு, ஆனா என்னன்னு தெரியல அவருக்கு. அந்த ஊசியைப் பாத்ததும் நான் பத்திரத்தை மூடி வெச்சேன். வக்கீல் சார், கொஞ்சம் வெளிய இருங்கன்னேன்.

சட்டத்துல இருக்கான்னு கேக்கறீங்களா? இல்ல. வெளிய அனுப்பணும்னு எங்கயும் எழுதல. அனுப்பக் கூடாதுன்னும் எழுதல. நீங்களும் நோட்டரியா இருந்தவர்தானே, நம்ம சீலுக்கு மேல என்ன வாசகம் சார்? தெரிந்தே, சுய விருப்பத்தோடு, என் முன்னிலையில் கையெழுத்திட்டார். தெரிஞ்சேன்னு நான் எழுதிக் குடுக்கணும்னா, தெரியுமான்னு நான் கேக்கணுமில்ல? முதலாளியோட வக்கீல் முழங்கையை இடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எந்த வேலைக்காரர் வாயைத் திறப்பாரு?

கதவைச் சாத்திட்டுக் கேட்டேன். எல்லாரையும் கேக்கறதுதான். இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா, யாராவது போடச் சொன்னாங்களா, போட்டா உங்க தலையில என்ன ஏறும்னு தெரியுமா. திருதிருன்னு முழிக்கறாரு. வேலையை நிரந்தரம் பண்ற ஃபாரம்னு சொன்னாங்கம்மான்னாரு. என்ன வேலைன்னு கேட்டா, முதலாளி வீட்டு டிரைவராம்.

ஒரு வரி விடாம படிச்சுச் சொன்னேன். இந்தக் கம்பெனி அங்க யாரை ஏமாத்தினாலும், எதைக் கடத்தினாலும், தேடிக்கிட்டு வர்றது உங்க வீட்டுக்குத்தாங்கன்னேன். அவரு பேனாவை மூடி மேஜை மேல வெச்சாரு. காலர் ஊசியை நான் காட்டினேன், அதையும் கழட்டிப் பக்கத்துல வெச்சாரு. முன்வாசல்ல வக்கீல் நிக்கறாரேன்னு பயந்தாரு. பின்னால, ஜெராக்ஸ் மிஷின் ரூம் வழியா ஒரு கதவு இருக்கு. ஆமா, நான்தான் திறந்து விட்டேன். அதையும் எழுதிக்கோங்க, புகார்ல விட்டுப் போச்சு.

கம்பெனிக்கு நஷ்டம்ங்கறீங்க. இருக்கட்டுமே. இந்தக் காகிதம் போற வழியைக் கொஞ்சம் யோசிங்க சார். வெளியுறவு இலாகா அதிகாரி என் சீலைப் பாத்து சீல் வெப்பாரு. தூதரகத்துல அவரு சீலைப் பாத்து இன்னொண்ணு. அக்கரையில இருக்கறவன் அதைப் பாத்து ரிப்பன் கட்டி, கம்பெனியைப் பதிவு பண்ணிடுவான். எல்லாரும் பாக்கறது சீலைத்தான். ஆளைப் பாக்கறது நான் ஒருத்தி. நானும் பாக்கலேன்னா யாருமே பாக்கல.

மன்னிப்புக் கடிதமா? ஒரு வரி எழுதிக் குடுத்தா எச்சரிக்கையோட விட்டுடுவீங்க, இல்லேன்னா லைசென்ஸ் போயிடும். நல்ல மனசோடதான் சொல்றீங்க, புரியுது. ஆனா எழுத மாட்டேன். சீலைப் பிடுங்கறதுன்னா பிடுங்கிக்கோங்க, இதோ இந்த டப்பாவுலதான் இருக்கு. ரெண்டு பசங்க படிக்கறாங்க, இந்த வேலை போனா திண்டாட்டம்தான். அதுக்காக, செஞ்சது தப்புன்னு என் கையால எழுதிக் குடுப்பேனா?

பிடிவாதம்தான். சின்ன வயசுலேருந்தே. எங்கப்பா லிஃப்ட் ஆபரேட்டர் சார், பன்னெண்டு மாடிக் கட்டடத்துல. ஏழாவது மாடி முதலாளி ஒருநாள் அவருக்குப் புதுச் சட்டை வாங்கிக் குடுத்து, ஒரு நோட்டரிகிட்ட கூட்டிக்கிட்டுப் போனாரு. அன்னைக்கு அப்பா சட்டையைக் கழட்ட மனசில்லாம அதோடயே சாப்பிட உக்காந்தாரு. காலர்ல ஊசி குத்திக்கிட்டிருக்கேப்பான்னு நான்தான் எடுத்து விட்டேன். எட்டாவது படிச்சுக்கிட்டிருந்தேன்.

மூணு நாட்டுல மூணு கம்பெனிக்கு டைரக்டர், எங்கப்பா. லிஃப்டைத் தவிர வேற எதுலயும் மேல போகாத மனுஷன். ஒன்றரை வருஷத்துல முதலாளி கம்பி நீட்டிட்டாரு, அப்பாவை ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யான்னு கோர்ட்டுல அழுதாரு. தெரிஞ்சே போட்டதா நோட்டரி எழுதிக் குடுத்திருக்காரேன்னுட்டாங்க. ரெண்டு வருஷம் உள்ள. வெளிய வந்தப்புறம் பேனாவையே தொடல. முத்து முத்தா எழுதறவரு, சாகற வரைக்கும் கைநாட்டுதான் வெச்சாரு. என் கல்யாண ரிஜிஸ்டர்லகூட.

அந்த நோட்டரியா? ஃபோன்ல பேசிக்கிட்டே, கையெழுத்துப் போட ரிஜிஸ்டரை அப்பா பக்கம் திருப்பி வெச்சாராம். இதுல என்னங்கய்யா எழுதியிருக்குன்னு கேக்கலாம்னு அப்பா கொஞ்ச நேரம் நின்னாராம். அவரு தலையை நிமித்தவே இல்லையாம்.

இதான் சார் அந்தக் காகிதம், கோர்ட்டுலேருந்து வாங்கின நகல். நீங்க விசாரிக்க வர்றீங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே எடுத்து வெச்சுட்டேன். கீழ நோட்டரி கையெழுத்து தெரியுதா? பக்கத்துல உங்க நோட்டீஸை வெச்சுப் பாருங்க. இருபத்தி நாலு வருஷமாச்சு. அந்த ரெண்டு சுழி மாறவே இல்ல.

தண்ணி குடிங்க. ஞாபகம் இல்லையா? இருக்காது சார். அன்னைக்குப் பாத்திருந்தாத்தானே இன்னைக்கு ஞாபகம் வரும். கோவமான்னா, ஆமா, கோவம்தான். இல்லாம இருக்குமா? ஆனா உங்க மேல புகார் எழுதி நான் என்ன பண்ண? எங்கப்பா பேனாவை எடுக்கப் போறாரா?

சரி, நான் சொன்னதையெல்லாம் எழுதிட்டீங்க. என் கையெழுத்து போட்டாச்சு. என் லைசென்சை என்ன பண்ணலாம்ங்கற வரியையும் எழுதிட்டு, அதுக்குக் கீழ உங்க கையெழுத்து வேணும். பேனா இந்தாங்க. ஒரு நிமிஷம் இருங்க, கதவைச் சாத்திட்டு வந்துடறேன்.

எல்லாரையும் கேக்கறதுதான் சார், உங்களையும் கேக்கறேன். படிச்சீங்களா? இப்படி எழுதுங்கன்னு யாராவது சொல்லி அனுப்பினாங்களா? அவசரமில்ல, நிதானமா சொல்லுங்க. நான் உங்களைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.