நான்காம் நம்பர் மெஷினும் ஏழாவது விதியும்

விதிப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து வீற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே! ஒரு கையில் ஸ்டாப்வாட்சும் மறு கையில் சிவப்புப் பேனாவுமாக, பாட்டுக் கேட்க வந்தீர்களா பரீட்சை வைக்க வந்தீர்களா என்று எவருக்கும் விளங்காதபடி அமர்ந்திருக்கும் நடுவர் பெருமக்களே! பக்கத்து அறையில் ‘டும் டும்’ என்று சுவர் அதிர்ந்தபோதெல்லாம் பொறுத்துக்கொண்ட தாய்மார்களே! பொறுக்காமல் ஃபியூசைப் பிடுங்கிய தாய்மார்களே! ஒலியால் ஒன்றாகி, ஒயரால் உறவாகி நிற்கும் மின்னிசை மன்றத்து நண்பர்களே! இன்றோடு பதவி விலகும் விதிக்குழுச் செயலாளனாக உங்கள் அனைவருக்கும் என் கடைசி வணக்கம்.

கடைசி என்றதும் கைதட்டியது யார்? பின்வரிசையா? தட்டுங்க, தட்டுங்க. முடிஞ்சதும் தட்ட மாட்டீங்கன்னு தெரியும்.

தலைவர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். என் கோரிக்கை ஒன்றே ஒன்று. நம் போட்டியில் நாம் நிராகரித்த படைப்பு, பதினேழாம் எண், இன்று இதே அரங்கில் இதே ஸ்பீக்கர்களில் ஒலிக்க வேண்டும். தலைவர் தலையை ஆட்டுகிறார். பக்கவாட்டில்தான். பரவாயில்லை, இன்னும் நாலரை நிமிடம் இருக்கிறது.

நான் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கல்லூரியைப் பாதியில் விட்டு ஓடிவந்தவன். ஏன் ஓடினேன்? சட்டையை உள்ளே விடு, முடியை வெட்டு, வாயை மூடு என்ற விதிகள் பிடிக்காமல் ஓடினேன். ஓடிவந்து இந்த மன்றத்தில் என்ன கிழித்தேன்? நாற்பத்தொரு விதி எழுதினேன்! மின்னிசையில் டெக்னோ வகை என்றால் இப்படித்தான், ஹவுஸ் வகை என்றால் அப்படித்தான், டிரான்ஸ்காரன் அந்தப் பக்கம் உட்காரு. எனக்கு முன் இங்கே சண்டை இல்லையா என்றால், இருந்தது. ஆனால் சண்டைக்குப் பக்க எண் போட்டுக் கொடுத்தவன் நான்!

நம் மன்றத்து மைத்துனர்கள் இரண்டு பேர். ஹவுஸ் வகையிலேயே ஒருவர் டீப் ஹவுஸ் கட்சி, இன்னொருவர் டெக் ஹவுஸ் கட்சி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் வீட்டு அம்மாவைக் கேட்டால், “ரெண்டும் தலைவலிதான் தம்பி, ஒண்ணு மெதுவா வரும்” என்கிறார். ஆனால் அந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே ஒரு வருடம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் மெசேஜ் அனுப்பினார்கள்! அதோ, இன்றைக்கும் நடுவில் ஒரு நாற்காலி விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணே, சிரிக்காதீங்க, உங்களத்தான் சொல்றேன்.

பதினேழாம் எண்ணுக்கு வருகிறேன். போட்டிக்கு வந்த படைப்புகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதைத் திறந்தேன். திரையில் வேகத்தைக் காட்டும் கட்டத்தைப் பார்த்தேன். ஆரம்பத்தில் நிமிடத்துக்கு நூற்றிருபத்துநான்கு தாள அடி, முடிவில் நூற்று நாற்பது. ஏழாவது விதி என்ன சொல்கிறது? ‘ஒரு படைப்பின் வேகம் இடையில் மாறக் கூடாது.’ எழுதினேன் கடிதம், போட்டேன் கையெழுத்து, முடிந்தது கதை.

அடுத்த வாரம், இந்த விழாவுக்காகச் சட்டையை வெளுக்க, என்னை வளர்த்த சித்தி வேலை செய்யும் சலவை நிலையத்துக்குப் போனேன். நீளமான அறை, சுவரோரமாக ஆறு பெரிய மெஷின்கள், காற்றெல்லாம் சோப்புத்தூள். நான்காம் நம்பர் மெஷினின் மேல் டேப் போட்டு ஒட்டியிருந்தது நான் எழுதிய கடிதம்.

“சித்தி, இது யாருக்கு வந்தது?”

“எனக்குத்தான். நீ விட்டுட்டுப் போன பழைய லேப்டாப் சும்மாதானே கிடந்துச்சு. இந்த மெஷின் சத்தத்த போன்ல பிடிச்சு, வெட்டி ஒட்டி ஒரு பாட்டு பண்ணினேன். யாரோ செயலாளராம், முடியாதுன்னு எழுதியிருக்கான். உனக்குத் தெரிஞ்சவனா?”

“பார்த்திருக்கேன்.”

“நல்ல பையனா?”

“இல்ல சித்தி.”

“வேகம் ஏறுதாம். ஏறாம? மெஷின் ஸ்பின்னுக்குப் போகுதுல்ல? அத நிறுத்தி வச்சா துணி எப்படிடா காயும்? சரி, அவன் கேட்டானா?”

“என்ன கேட்டானா?”

“பாட்டத்தான்டா. காதால.”

நண்பர்களே, அங்கேதான் நான் அகப்பட்டேன். ஏனென்றால் நான் கேட்கவில்லை! அன்றைக்கு நாற்பது படைப்புகள் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, எண்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினேன். சமையலை மோந்துகூடப் பார்க்காமல், பாத்திரத்தை அளந்து பார்த்துத் துப்பியவன் நான்! நடுவர்களே, கீழே பார்க்காதீர்கள். நீங்கள் மட்டும் கேட்டீர்களா?

சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். “டேய், உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஸ்கூல் ரிப்போர்ட்ல என் கையெழுத்தையே நீதானடா போட்டே.”

அங்கேயே கேட்டேன், ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து. தண்ணீர் ஏறும் சத்தம். அறுந்து விழுந்த ஏதோ ஒரு சட்டைப் பொத்தான் டிரம்மில் மோதும் தாளம். மெஷின் கதவுகளைப் பட் பட்டென்று சாத்தும் கைதட்டல். பிறகு வேகம் ஏறுகிறது. ஏறுகிறது. இன்னும் ஏறுகிறது! பதினொரு வருடம் அந்த மெஷின் முன்னால் நின்ற ஒருத்திக்குத்தான் அது எந்த நொடியில் பறக்கும் என்று தெரியும்.

வேகம் ஏறக் கூடாதென்று சொல்ல நாம் யார்? மாடி ஏறியவன் நெஞ்சு நூற்றிருபதிலேயே நிற்குமா? காதலைச் சொல்லப் போனவன் நெஞ்சு கட்டத்துக்குள் நிற்குமா? நடுவர் ஐயா, என்மேல் உள்ள கோபத்தில் உங்கள் நெஞ்சு இப்போது அடிக்கிறதே, அதைக் கொஞ்சம் ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள். ஏறுகிறதா? ஏழாவது விதி மீறல்! உங்களை நிராகரிக்கட்டுமா?

என்ன தலைவரே? எந்தப் பிரிவில் சேர்ப்பதா? படிவத்தில் அதற்கும் சித்தி பதில் எழுதியிருக்கிறார். பிரிவு: ‘துணி துவைத்தல்.’

நிகழ்ச்சியில் நேரம் இல்லையா? இருக்கிறது. இந்தப் பேச்சுக்குப் பிறகு என் பாட்டைப் போட ஆறு நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். பதினொரு மாதம் உழைத்து நான் செய்த படைப்பு. நாற்பத்தொரு விதியிலும் பாஸ். அதில் ஒரு குறை இல்லை, உயிரும் இல்லை. முதல்முறையாக இந்தப் பெரிய ஸ்பீக்கரில் அதைக் கேட்க ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆறு நிமிடத்தை நான் பதினேழாம் எண்ணுக்குக் கொடுக்கிறேன். ஒருவன் தன் நேரத்தைக் கொடுக்கக் கூடாதென்று விதி இல்லை. எழுதியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

தலைவர் மணியைத் தேடுகிறார். மேசைக்கு அடியில் இருக்கு தலைவரே, நான்தான் வச்சேன். சரி, என்ன சொல்கிறீர்கள்? மைக்கில் சொல்லுங்கள். “போட்டுத் தொலை”யா? கேட்டதா எல்லோருக்கும்? மன்ற வரலாற்றிலேயே மிகச் சிறந்த தீர்ப்பு!

மூன்றாவது வரிசையில், வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் சித்தி அவர்களே, முகத்தை மூடிக்காதீங்க. மன்னிப்புக் கேட்க எனக்குச் சரியாக வராது. அதனால் ஒலியைக் கூட்டச் சொல்கிறேன். பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், பொறுக்காமல் கேட்ட நடுவர்களுக்கும், ஃபியூசைப் பிடுங்காத தாய்மார்களுக்கும் நன்றி. மைத்துனர்களே, நடுவில் உள்ள அந்த நாற்காலியை எடுத்துவிடுங்கள், ஆட இடம் வேண்டும்.

நான்காவது நிமிடத்தில் நாற்காலி நடுங்கும். பயப்படாதீங்க, எதுவும் கெட்டுப்போகல. துணியிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

சவுண்ட் அண்ணே, போடுங்க. வணக்கம்!