கோடு தெரியாத இடம்

டீ வேண்டாம் ஐயா, தண்ணீர் போதும். பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு நாக்கு மரத்துப்போயிருக்கும். டீயும் ஒன்றுதான், காபியும் ஒன்றுதான்.

இசக்கியைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவன்மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். எங்கள் ஸ்டோரில் முகமூடியும் ஃபில்டரும் எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. அவன் கொடுத்ததெல்லாம் புதுசுதான். எனக்குத் தெரியும், வாங்கியது நான். பேச்சிராஜ் செத்ததற்கும் இசக்கிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குற்றமில்லாதவன் உள்ளே இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

என் பெயர் காசிராஜன். கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப். வரும் வண்டிகளில் கீறல் விழுந்த இடத்தில் புதுப் பெயின்டைப் பழைய பெயின்டோடு கரைத்துவிட வேண்டும். வாங்குகிறவன் எவ்வளவு குனிந்து பார்த்தாலும் கோடு தெரியக்கூடாது. பேச்சிராஜ் ஏரல் பக்கத்துப் பையன், எனக்குத் தூரத்து உறவு. நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். வல்லக்கோட்டை போகிற வழியில் சவரியம்மாள் வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. அவனையும் அங்கேயே வைத்துக்கொண்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் மாடல் விமானங்களுக்குப் பெயின்ட் அடிப்போம். சென்னையில் பாண்டுரங்கன் என்று ஒருவர் கடை வைத்திருந்தார். பறக்கவிடுகிறவர்கள், கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறவர்கள் எல்லோரும் அவரிடம் வருவார்கள். கேட்கிற நிறத்தில் நாங்கள் அடித்துக் கொடுப்போம். பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரில், காற்றால் பெயின்டைத் தூவுகிற ஏர்பிரஷ்ஷை மாட்டியிருந்தோம்.

ஒரு நிறத்தை இன்னொரு நிறத்துக்குள் கொண்டுபோய் விடுவதுதான் அதில் கஷ்டமான வேலை. முதுகில் கருநீலம், வயிற்றில் வெள்ளை. நடுவில் எங்கே நீலம் முடிந்தது என்று யாரும் விரல் வைத்துக் காட்ட முடியாதபடி இருக்க வேண்டும். கை விமானத்துக்கு வெளியே கிளம்பி வெளியேதான் போய் நிற்க வேண்டும். நடுவில் நின்றால் திட்டு விழும். ஒவ்வொரு தடவைக்கும் பெயின்டை இன்னும் கொஞ்சம் நீர்க்கவிட வேண்டும். கடைசியில் புகைபோல வரும், விழுகிறதா இல்லையா என்றே தெரியாது. பொறுமைதான் வேண்டும். எனக்குப் பொறுமை உண்டு. பேச்சிராஜுக்குப் பொறுமை தேவைப்படவில்லை. சிரித்துக்கொண்டே அடிப்பான்.

ஒருநாள் பாண்டுரங்கன் வந்திருந்தார். அவன் அடித்த விமானத்தை மொட்டைமாடி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத அடிச்சது யாருப்பா? எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியலையே."

"அண்ணன்தான் சார். நான் கம்ப்ரஸர பாத்துக்கிட்டேன்" என்றான் பேச்சிராஜ்.

நான் மறுக்கவில்லை. ஆனால் பாண்டுரங்கன் அப்போது என்னைப் பார்க்கவில்லை, அவன் விரல்களைப் பார்த்தார். அடுத்த மாதம் பெங்களூரில் இருக்கும் தன் பட்டறைக்கு அவனைக் கூப்பிட்டார்.

எனக்குப் பொறாமை இல்லை ஐயா. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் யோசித்தது அவனைப் பற்றித்தான். சோறு வடிக்கத் தெரியாதவன், பாஷை தெரியாத ஊரில் என்ன செய்வான்? அதைச் சொன்னேன்.

"ஒரு வருசம் பொறுங்கண்ணே. பிறவு உங்களையும் அங்க கூப்பிட்டுக்கிடுதேன். எங்கூடயே இருந்துக்கிடலாம்" என்றான்.

நல்ல மனசோடுதான் சொன்னான். சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தான்.

நிறம் அடித்து முடித்ததும் மேலே கிளியர் என்று நிறமில்லாத பூச்சு ஒன்று அடிப்போம், பளபளப்புக்கு. அது இறுகுவதற்காகக் கலக்கிற ஹார்டனர் நெஞ்சுக்கு ஆகாது. கம்பெனியில் அதற்குத் தனி பூத், காற்றை இழுக்கிற மின்விசிறி எல்லாம் உண்டு. அறையில் எங்களுக்கு ஆளுக்கொரு முகமூடி மட்டும்தான். அதன் ஃபில்டர் தீர்ந்துவிட்டால் வாசனை வந்துவிடும் என்பார்கள். எங்கள் அறையில் தலையணையிலும் சோற்றிலும்கூட தின்னர் வாசனைதான். மூக்கை நம்புவதை விட்டு வெகுகாலமாகியிருந்தது. ஃபில்டரின் முகத்தைப் பார்ப்போம். பழுப்பாகிவிட்டால் மாற்றுவோம். எங்களுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

அவன் நெஞ்சு கொஞ்சம் பலவீனப்பட்டால் டாக்டரே பெயின்டை விடச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பெங்களூர் நின்றுபோகும். அசெம்பிளி லைனில் போடச் சொல்லலாம், திருகு முடுக்குகிற வேலை, நிம்மதியான வேலை. நெஞ்சு பிறகு தேறிவிடும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கம்பெனிக் குப்பையிலிருந்து தீர்ந்துபோன ஃபில்டர்களை எடுத்து வந்தேன். புது ஃபில்டர் வெள்ளையாக இருக்கும் என்று நினைப்பீர்கள். வெள்ளை இல்லை. நடுவில் மோர் நிறம், விளிம்புக்குப் போகப் போக லேசான சாம்பல். பழுப்பின்மேல் அதைக் கொண்டுவர வேண்டும், மூச்சு அடைக்காமல், பெயின்ட் தடிக்காமல். அவன் வேறு ஷிப்டில் இருந்த நாட்களில் அடித்தேன். நிறைய வீணாயிற்று. சரியாக வந்தபிறகு ஜன்னலோரம் வைத்துக் கோட்டை நானே தேடினேன். கிடைக்கவில்லை. கவரில் போட்டு ஒட்டி, இசக்கி கொடுத்தவற்றோடு வைத்தேன். பேச்சிராஜ் தன் கையாலேயே கவரைப் பிரித்து மாட்டிக்கொண்டான்.

இருமல் மெதுவாக வந்தது. எப்போது தொடங்கியது என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. கம்பெனியில் இருக்கும்போது குறையும், அறைக்கு வந்தால் கூடும். சவரியம்மாள்தான் முதலில் கவனித்தார்.

"இன்னாபா காசி, அந்தப் புள்ள நெஞ்சு விசிலடிக்குது, கீழ வரைக்கும் கேக்குது. டாக்டராண்ட இட்டுக்கினு போயேன். கூடவே கீற, கண்ணு தெரியலையா உனக்கு?"

நான்தான் கூட்டிப்போனேன். மருந்து இழுக்கிற குழாய் வாங்கிக் கொடுத்தேன். மிளகு தட்டி ரசம் வைத்தேன், முதுகில் தைலம் தடவினேன். அண்ணன் மட்டும் இல்லை என்றால் என் கதி என்ன என்று அவன் சவரியம்மாளிடம் சொல்லியிருக்கிறான். அவரைக் கேட்டால் சொல்வார். நான் அவனைப் பார்த்துக்கொண்ட மாதிரி கூடப்பிறந்தவர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் நினைத்தபடியே டாக்டர் பெயின்டை விடச் சொன்னார். பேச்சிராஜ் வெளியே வந்து கொஞ்சநேரம் வேப்பமரத்தடியில் நின்றான். பிறகு பாண்டுரங்கனுக்கு போன் போட்டு, பெங்களூர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கையில் இருக்கிற ஒரு விமானத்தை மட்டும் முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றான்.

அது விடியற்கால நிறம். ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்குப் போக வேண்டும். அந்த இரண்டும் சேர்கிற இடம் சேறாகிவிடும்; நான் அடித்தபோதெல்லாம் சேறாகத்தான் வந்தது. அவன் நடுவில் மெல்லிய ரோஜா நிறத்தை விட்டான். சேறு இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு இறக்கையும் வானம் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். கிளியர் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. "அண்ணே, புது ஃபில்டர் ஒண்ணு எடுங்க" என்றான். அவன்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டானே, பெங்களூரும் இல்லையே, அப்புறம் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். இசக்கி கொடுத்த நல்லது ஒன்று அலமாரியில் இருந்தது. நான் அடித்ததும் ஒன்று இருந்தது. நான் அடித்ததைக் கொடுத்தேன். அவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டான்.

முடித்துவிட்டு மொட்டைமாடிக்கு வந்து தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்தான். மருந்துக் குழாயைக் கேட்டுக் கையை நீட்டினான். நான் உள்ளே போனேன். விமானம் மேசைமேல் ஈரமாக இருந்தது. அதைக் கொஞ்சநேரம் பார்த்தேன். பிறகு குழாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் அவன் உதட்டோரத்தில் நீலம் தொடங்கியிருந்தது. உள்பக்கமாக மெல்லப் பரவியது. சிவப்பு எங்கே விட்டது, நீலம் எங்கே பிடித்தது என்று நான் தேடினேன். தேடிக்கொண்டு நின்றேன் ஐயா. குழாய் என் கையில்தான் இருந்தது. துணி எடுக்க வந்த சவரியம்மாள் சத்தம் போட்டு ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான்.

கம்ப்ரஸரை இப்போது போடுவதில்லை. வயரையே பிடுங்கிவிட்டேன். ஆனாலும் சாயங்காலமானால் அது மெதுவாகக் காற்றுவிடும். நின்று, யோசித்து, மறுபடி விடும். சவரியம்மாளை வரவழைத்துக் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லையாம். சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். எனக்குக் கேட்கிறது. துணையாகத்தான் இருக்கிறது.

அவன் அப்பா புகார் கொடுத்ததும், ஃபில்டரைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே பழசு என்று கண்டுபிடித்தீர்கள். அது சரிதான். ஆனால் மேற்பூச்சு ஏதோ கள்ளப் பட்டறையில் மெஷினில் அடித்தது, அதை இசக்கி வாங்கி விற்றான் என்று எழுதியிருக்கிறீர்களாம். உங்கள் ஏட்டு சொன்னார். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெஷினுக்கு அது வராது ஐயா. பேச்சிராஜே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், அவன் கண்ணுக்கே தெரியவில்லை. பேனாவை எடுங்கள். அந்த வரியை முதலில் அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். இசக்கியை விடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.