சம்பந்தப்பட்டவங்க பட்டியல்

உக்காரும்மா. அந்தத் துணிய ஒதுக்கிட்டு உக்காரு, ஊசி கீசி கிடக்கும். நான் இந்தப் பேன்ட்டுக்கு ஓரம் அடிச்சுக்கிட்டே பேசுறேன், தப்பா நெனக்காத.

என்ன சொன்ன? சம்பந்தப்பட்டவங்க பட்டியலா? ஓ, மறதி நோய்க்காரங்கள வீட்டுல எப்படிப் பாத்துக்கிறதுன்னு மறுபடியும் பயிலரங்கு போடப் போறீங்க, யார் யாரைக் கூப்பிடலாம்னு வீடு வீடா கேட்டுக்கிட்டு வர்ற. நல்லது. போன வருஷம் இந்த யோசனை ஒருத்தருக்கும் வரல பாரு.

வந்தேனாவா? வந்தேனே! கடைசி வரிசை. நீ அப்ப வேலைக்கே சேரலியா? அப்ப கேளு. மேடையில ஏழு பேரு. பெரிய டாக்டர், சின்ன டாக்டர், மாத்திரைக் கம்பெனி மேனேஜர், மண்டபத்துக்காரர், உங்க தலைவர், தலைவரோட மச்சான். மச்சான் எதுக்குன்னு கேக்காத, மைக் செட் அவருது. ஏழாவது ஆளு யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல, தூங்கிக்கிட்டே இருந்தாரு. முன்வரிசை பூரா அவங்க வீட்டு ஆளுங்க, என்னமோ சம்பந்தி வீடு மாதிரி. சம்பந்தப்பட்டவங்கன்னதும் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டாங்க போல.

நெஜமாவே வீட்டுல ஆள வச்சுப் பாத்துக்கிறவங்க நாலே பேரு. அதுல ரெண்டு பேரு பாதியிலயே ஓடிட்டாங்க. ஓடாம? பத்து மணிக்கு வரச் சொல்லிட்டு, மைக்கத் தட்டித் தட்டிப் பாத்து, ஆளுக்கொரு பூங்கொத்து குடுத்து, உங்க தலைவர் பேசி முடிக்கவே பன்னெண்டரை.

அப்புறம் கேள்வி நேரம்னாங்க. நான் எந்திரிச்சேன். நாங்க இங்க வந்து உக்காந்துட்டா அங்க அவங்கள யாருங்க பாத்துப்பான்னு கேட்டேன். பெரிய டாக்டர் சிரிச்சாரு. அருமையான கேள்வி, அடுத்த கூட்டத்துல விரிவா பேசுவோம்னாரு. கை தட்டுனாங்கம்மா! எனக்கு!

கோவமா? சேச்சே. உன் மேல என்ன கோவம், நீ கேக்கவாவது வந்திருக்க. எழுதிக்க. வீட்டுல பாத்துக்கிறவங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்னு முதல்ல கேளு. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் வீட்டுல உக்கார ஒரு ஆளு அனுப்புவீங்களான்னு உங்க தலைவரக் கேளு. மச்சான அனுப்பச் சொல்லேன், சும்மாதான இருப்பாரு.

அம்மா உள்ள இருக்காங்களான்னா கேட்ட? என் வீட்டுக்காரியவா?

இல்லம்மா. அந்தக் கூட்டத்தன்னைக்கு, எப்பவும் அவளப் பாத்துக்கிற பக்கத்து வீட்டுக்காரம்மா வெளியூரு. ரெண்டு மணி நேரம்தானன்னு முன்கதவப் பூட்டிட்டு வந்தேன். நானும் பாதியில கெளம்பியிருக்கலாம். சர்டிபிகேட் தர்றோம், இருங்கன்னாங்க, இருந்துட்டேன். வீட்டுல நோயாளியப் பாத்துக்கப் பயிற்சி எடுத்தவருன்னு எம்பேரு போட்டு, பெரிய டாக்டர் கையெழுத்தோட. அவளுக்கு எம்பேரு மறந்துபோச்சு, சாப்பிட்டது மறந்துபோச்சு, பின்கதவுத் தாழ்ப்பாள் மட்டும் மறக்கல. மெயின் ரோட்டுல லாரி. டிரைவரச் சொல்லிக் குத்தமில்ல, அவரு பாவம் ஓரமா உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தாரு.

அட, எதுக்கு எந்திரிக்கிற? உக்காரு. என்னையும் பட்டியல்ல போட்டுக்க. காலையில பத்துக்கு வைங்க, நாள் பூரா வைங்க. எனக்கு இப்ப எந்த நேரமும் தோதுதான்.