மூணாம் கேபின் சிரிப்பு

டீ ஆறினால் பரவாயில்லை சார், நான் ஆறின டீதான் குடிப்பேன். அவசரம் எனக்கு ஒத்து வராது.

கும்மிடிப்பூண்டி பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஞாயிறு மதியம் டி.வி.யில் சினிமா விருது விழா போட்டால் ஆர்க்குட்டில் எங்கள் கூட்டம் கூடிவிடும். மதுரை, துபாய், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள், விழாவைப் பார்த்துக்கொண்டே நக்கலடித்து எழுதுவோம். வருஷக் கடைசியில் ஓட்டுப் போட்டு ஒருவருக்குச் 'சிரிப்பு மன்னன்' பட்டம். ஆரம்பத்திலிருந்து அது எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கடைக்கு வருகிறவன் எவனும் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டான். அங்கே நான் மன்னன். அது உங்களுக்குப் புரியாது.

போன வருஷம் தணிகாசலம் மாமா என்று ஒரு ஆள் அந்தக் கூட்டத்துக்குள் வந்தான். ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் என்று போட்டிருந்தான். மேடையில் ஒரு நடிகை கப்பை வாங்கிக்கொண்டு தேம்பினாள். நான் யோசித்து யோசித்து ஒரு வரி எழுதினேன். அதற்குள் அவன், "அழுவாத தாயி, கப்பு துருப்புடிச்சிக்கும்" என்று போட்டுவிட்டான். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. என் வரியை ஒருத்தனும் சீந்தவில்லை. பட்டமும் அவனுக்கே போயிற்று. வயிறு எரிந்தது சார், மறைக்கவில்லை.

ஒரு ஞாயிறு, மூணாம் கேபினிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. அடுத்த நொடி என் திரையில் மாமாவின் வரி. மறுபடி சிரிப்பு, மறுபடி வரி. எட்டிப் பார்த்தேன். ஜெபா. சிப்காட்டில் இரும்பு ஆலைக்குப் போகும் தானியேலின் தங்கை, காலேஜ் படிக்கிறவள். என் கடையில் உட்கார்ந்து, என் கரண்டில், என் பட்டத்தைப் பிடுங்கியிருக்கிறாள்.

அவள் பாஸ்வேர்டை அந்த மெஷினிலேயே சேமித்து வைத்திருந்தாள். கடைக்கு வருகிற பாதிப்பேர் அப்படித்தான். அவள் போனதும் உள்ளே நுழைந்து அதை மாற்றினேன். பிறகு தானியேலைப் பார்த்து, "உன் தங்கச்சி தணிகாசலம்னு ஒரு ஆளோட பேசிக்கினு கீறாப்பா. வயசான ஆளு. மனசு கேக்கல, சொல்லிட்டேன்" என்றேன்.

மறுநாள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"அது நான்தாண்ணா. சும்மா காமெடிக்கு வெச்ச பேரு. இரு, தொறந்து காட்றேன்" என்று அழுதுகொண்டே மூணாம் கேபினில் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே. என் பக்கம் திரும்பினாள்.

"சின்னராசு அண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா. நான் இங்க குந்திக்கினுதான எழுதுவேன்?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நான் கல்லாவுல கீறேன்" என்றேன்.

சொல்லிக்கொண்டே கல்லா மெஷினில், மாமாவின் பெயரில் எங்கள் கூட்டத்தில் ஒரு வரி தட்டினேன். 'ஜெபா கண்ணு, நேத்து ஏன் வரல?' பிறகு என் பெயரில் நுழைந்து தானியேலைக் கூப்பிட்டுக் காட்டினேன். தங்கை கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாள், மாமா வேறெங்கிருந்தோ எழுதுகிறான். அதற்குமேல் அண்ணன்காரனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

கடையில் அவன் கை ஓங்கவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் அடித்திருக்கிறான். சுவரில் தலை மோதி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போயிற்று என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த வரி என் கடையிலிருந்தே போனதையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்கள். பாஸ்வேர்டை மாற்றியது நான், அந்த வரியை எழுதியது நான், அவள் கெஞ்சியபோது தெரியாது என்றதும் நான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் மேல் என் விரல் படவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாமாவை மட்டும் நான் சாகவிடவில்லை சார். அவளை அடக்கம் செய்த அந்த ஞாயிறும் விழா போட்டான், மாமா பெயரில் நான்தான் எழுதினேன். "மாமா, உடம்பு சரியில்லையா? சிரிப்பே வரலியே" என்று துபாய்க்காரன் கேட்டிருந்தான். அன்றைக்கு விழா கொஞ்சம் சுமார் சார், அதனால்தான்.