ரெட்டை முடிச்சு

சுருளி: மூட்டைய ஏன் அவுக்கிறீங்கன்னு கேக்காத ஆத்தா. இந்தச் செவப்பு பிளாஸ்டிக் நாடா எங்கன கெடந்துச்சு? அதை மட்டும் சொல்லு.

முத்துப்பிரியா: கிடக்கலண்ணா, மரத்துல கட்டியிருந்துச்சு. குரங்கணியிலேருந்து எஸ்டேட்டுக்குப் போற ஒத்தையடிப் பாதை முழுக்க.

யோகராஜ்: பன்னெண்டு மூட்டைண்ணா! சென்னையிலேருந்து சேவை முகாமுக்கு வந்த எந்த ஸ்கூலும் இவ்ளோ குப்பை எடுத்ததில்லையாம். சாரே சொன்னாரு.

சுருளி: நாடா... எல்லாத்தையுமா அவுத்தீங்க?

முத்துப்பிரியா: ஒண்ணு விடல. நான்தான் டீம் லீடர்.

சுருளி: சரியாப் போச்சு...

யோகராஜ்: என்னண்ணா, மூஞ்சி இப்படிப் போகுது? உங்க ஜீப்புல இடம் பத்தாதா?

சுருளி: இது குப்பை இல்ல தம்பி. வழி. ஏலக்காய் எடுக்கப் போற பொம்பளைங்க கட்டி வச்சது. மஞ்சு எறங்குச்சுன்னா முன்னால போறவ முதுகு கூடத் தெரியாது. மரம் மரமாத் தடவிக்கிட்டே வருவாங்க. ஒத்த முடிச்சுன்னா நேரா நட. ரெட்டை முடிச்சுன்னா நில்லு, பக்கத்துல பள்ளம்.

முத்துப்பிரியா: இப்ப... அவங்க இன்னும் மேலதான் இருக்காங்களா...?

சுருளி: ஒம்போது பேரு. நாலு மணிக்குச் சோலி முடிஞ்சு எறங்குவாங்க. மலையப் பாரு.

யோகராஜ்: ஐயோ, பாதி மலையே காணோம்!

முத்துப்பிரியா: போன் போட்டு...

சுருளி: மேல டவரு ஏது?

முத்துப்பிரியா: மணி ரெண்டுதான் ஆகுது. ஜீப்பை எடுங்கண்ணா.

சுருளி: என்னாது?

முத்துப்பிரியா: திரும்பக் கட்டிடலாம். அவுத்த கைக்குக் கட்டத் தெரியாதா? யோகா, அந்த மூட்டையை ஏத்துடா.

சுருளி: எந்த மரம்னு எப்படித் தெரியும்? எங்கன ரெட்டை முடிச்சு? மாத்திக் கட்டுனா, கட்டாம விட்டதை விட மோசம் ஆத்தா.

யோகராஜ்: என் போன்ல இருக்குண்ணா! எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, எடுத்தப்புறம் ஒரு போட்டோ. சர்டிபிகேட்டுக்கு அனுப்பணும்ல... அறுபத்திரெண்டு மரமும் வரிசையா இருக்கு.

சுருளி: முடிச்சு தெரியுதா?

யோகராஜ்: பெருசாக்கினா... இதோ. ரெட்டை.

சுருளி: பொழச்சுக்குவ மாப்ளே! ஏறுங்க வெரசா.

முத்துப்பிரியா: யோகா, சாருக்குச் சொல்லிடு.

யோகராஜ்: சொன்னா சர்டிபிகேட் போச்சு பிரியா. சுத்தம் பண்ண இடத்துல நாமளே பிளாஸ்டிக் கட்டுறோம்!

முத்துப்பிரியா: போகட்டும். சொல்லு.

சுருளி: கெட்டியாப் புடிச்சுக்கங்க... அம்புட்டுத்தேன், இதுக்கு மேல ஜீப்பு ஏறாது. எறங்குங்க. என் பின்னாலயே வரணும், ஒதுங்கி ஒரு அடி வைக்கக் கூடாது.

யோகராஜ்: முதல் மரம், பலா. ஒத்த முடிச்சு.

முத்துப்பிரியா: கட்டியாச்சு. அடுத்தது?

யோகராஜ்: இதுவும் ஒத்த... அண்ணா, அறுபத்திரெண்டு எப்ப வரும்? மூச்சு வாங்குது.

சுருளி: போட்டோ எடுக்கையில வாங்கலையாக்கும்? நட மாப்ளே.

யோகராஜ்: நாப்பத்தெட்டு... வேர் வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற மரம். ரெட்டை!

சுருளி: நில்லு ஆத்தா! அங்கன நான் கட்டுறேன்.

முத்துப்பிரியா: நான் அவுத்தது, நானே கட்டுறேன். நீங்க என் பையைப் பிடிச்சுக்குங்க... ஒண்ணு... ரெண்டு. இழுத்துப் பாருங்க, கெட்டியா இருக்கா?

சுருளி: இருக்கு... இருக்கு. வா இப்படி.

யோகராஜ்: அறுபத்தொண்ணு... அறுபத்திரெண்டு. முடிஞ்சுது! அண்ணா, பேச்சுச் சத்தம் கேக்குது!

சுருளி: ஏலக்காய்க்குப் போன மாயக்காள் கொரலு. தடவிக்கிட்டுத்தேன் வர்றாங்க. எண்ணு தம்பி, நல்லா எண்ணு.

யோகராஜ்: ...ஏழு... எட்டு... அண்ணா, எட்டுதான்...

சுருளி: நல்லாப் பாருடா!

யோகராஜ்: ஒம்போது! அதோ, கடைசியா ஒருத்தங்க. ஒம்போது பேருண்ணா!

முத்துப்பிரியா: அண்ணா... நான் ஒண்ணு மறைச்சுட்டேன். காலைல மேல போறப்ப மாயக்காள் அக்கா என்கிட்ட சொன்னாங்க, 'நாடாவத் தொட்டுறாத தாயி'ன்னு. நான்தான் அவங்களுக்கே பிளாஸ்டிக் பத்திப் பாடம் எடுத்து அனுப்பிட்டேன். யோகாவுக்குக் கூடத் தெரியாது.

யோகராஜ்: அடிப்பாவி!

முத்துப்பிரியா: திட்டுங்கண்ணா. நல்லாத் திட்டுங்க.

சுருளி: எந்த வாய வச்சுத் திட்டுறது ஆத்தா? பத்து மணிக்கு நீ ஒரு நாடாவத் தூக்கிக் காட்டிப் பேசுனியே, அந்தக் கூட்டத்துல கடைசியா நின்னேன். அது என்ன நாடான்னு அப்பவே தெரியும். படிச்ச புள்ள இம்புட்டு அழகாப் பேசுது, குறுக்க போயி நாம என்னத்தச் சொல்றதுன்னு கூச்சம்... ஒண்ணு ரெண்டுதான போகும்னு நானும் கைதட்டிட்டு வந்துட்டேன். அந்தா, ஒம்போதாவதா எறங்கி வர்றாளே ஜோதி... அவ என் பொஞ்சாதி.